கலிஃபோர்னியா வொர்க்கர்ஸ் காம்ப்: இன்சூரன்ஸ் சிகிச்சைக்கு அனுமதி மறுத்தால் செய்ய வேண்டியவை

வேலையில் அடிபட்டிருக்கிறது. அதற்கான சிகிச்சைச் செலவை முதலாளியின் வொர்க்கர்ஸ் காம்ப் இன்சூரன்ஸ் ஏற்க வேண்டும். டாக்டர் எம்ஆர்ஐ எழுதியிருக்கிறார், அல்லது ஊசி, அல்லது அறுவைச் சிகிச்சை. இரண்டு வாரம் கழித்துத் தபாலில் கனமான ஓர் உறை வருகிறது. மருத்துவ ரீதியாக அவசியமில்லை, அனுமதி மறுக்கப்படுகிறது என்கிறது உள்ளே இருக்கும் கடிதம். உடனே பலர் இன்சூரன்ஸில் தங்கள் கிளெய்மைக் கவனிக்கும் அட்ஜஸ்டருக்குப் போன் செய்து சண்டை போடுகிறார்கள். வேறு பலர் உறையை அலமாரியில் வைத்துவிட்டு, வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சண்டையால் முடிவு மாறுவது அபூர்வம். அலமாரிக்குப் போன உறைக்குள் 30 நாள் கெடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் கலிஃபோர்னியா மாநிலத்துக்கு மட்டும். டெக்சாஸுக்கும் நியூயார்க்குக்கும் தபால் துறை போன்ற கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கும் வேறு சட்டம், வேறு கெடு. கலிஃபோர்னியாவில் வேலை செய்பவருக்கு விசா எது, குடியுரிமை எது என்பது இந்த உரிமையைப் பாதிக்காது. எச்1பி-யில் இருப்பவருக்கும், கையில் எந்த ஆவணமும் இல்லாமல் உணவகச் சமையலறையில் நிற்பவருக்கும் சிகிச்சை உரிமை ஒன்றுதான்.

முதலில், எது மறுக்கப்பட்டது?

மறுப்பில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் வழி வேறு. தவறான வழியில் போனால் மாதக்கணக்கில் வீணாகும்.

ஒன்று, கிளெய்மையே மறுப்பது. இந்தக் காயம் வேலையால் வந்ததே இல்லை என்று இன்சூரன்ஸ் சொல்வது. நீங்கள் டிடபிள்யூசி-1 என்ற கிளெய்ம் படிவத்தை நிரப்பி முதலாளியிடம் கொடுத்த பிறகு, ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய அவர்களுக்கு 90 நாள் உண்டு. அதற்குள் மறுக்காவிட்டால் காயம் வேலையால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காத்திருப்புக் காலத்திலும் 10,000 டாலர் வரை சிகிச்சைக்குப் பொறுப்பேற்க வேண்டும். படிவம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் அந்த அனுமதி தொடங்க வேண்டும். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம், அதுவரை எதுவும் தரமுடியாது என்று அட்ஜஸ்டர் சொன்னால் அது தவறு. வாயால் மட்டும் புகார் சொல்லிவிட்டுப் படிவத்தைக் கொடுக்காமல் விட்டவர்களுக்கு இந்த 10,000 டாலர் கதவு திறப்பதே இல்லை. அதனால் படிவம் முதல் வேலை.

இரண்டு, உடல் பாகத்தை மறுப்பது. முதுகை ஏற்கிறோம், கழுத்தை ஏற்கவில்லை என்பார்கள். அப்போது கழுத்துக்கான சிகிச்சைக் கோரிக்கையை ஆராயாமலே ஒத்திவைப்பதாகக் கடிதம் வரும். இந்தத் தகராறு கியூஎம்ஈ எனப்படும் நடுநிலை மருத்துவப் பரிசோதகரிடமும், தேவைப்பட்டால் வொர்க்கர்ஸ் காம்ப் நீதிபதியிடமும் போகும். இந்த இரண்டு வகைக்கும் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

மூன்று, காயத்தை ஏற்றுக்கொண்டு குறிப்பிட்ட சிகிச்சையை மட்டும் மறுப்பது. கேட்ட சிகிச்சை தேவையா என்று இன்சூரன்ஸ் தரப்பு ஆவணங்களைப் பார்த்துச் செய்யும் மீளாய்வான யூஆர் (யூட்டிலைசேஷன் ரிவ்யூ) மூலம் வருவது இதுதான். இனி சொல்வது பெரும்பாலும் இதைப் பற்றி.

டாக்டர் அனுப்பும் காகிதம்

மறுத்த பிறகு மேல்முறையீடு செய்து ஜெயிப்பது கடினம். கலிஃபோர்னியாவில் மேல்முறையீட்டுக்குப் போகும் மறுப்புகளில் பத்துக்குச் சுமார் ஒன்பது அப்படியே நிலைத்துவிடுகின்றன. அதனால் உழைப்பைப் போட வேண்டிய இடம் ஆர்எஃப்ஏ. சிகிச்சைக்கு அனுமதி கேட்டு உங்கள் டாக்டர் இன்சூரன்ஸுக்கு அனுப்பும் படிவம் அது. அதோடு சேர்ந்து போகும் மருத்துவ அறிக்கைதான், பெரும்பாலும் பிஆர்-2 என்ற தொடர் அறிக்கை, யூஆர் செய்யும் எதிர்ப்பக்க டாக்டர் படிக்கும் முக்கியச் சாட்சி. அவர் உங்களைப் பார்க்கமாட்டார். நீங்கள் நொண்டுவதையும் பார்க்கமாட்டார். காகிதத்தில் இல்லாத வலி அவருக்கு இல்லாத வலிதான்.

அவர் கையில் ஒரு அளவுகோல் இருக்கிறது. எம்டியூஎஸ் என்று பெயர், மாநிலத்தின் சிகிச்சை வழிகாட்டி. அதற்கு ஏகோயெம் என்ற தொழில்மருத்துவ வழிகாட்டியை மாநிலம் ஏற்றுக்கொண்டது. இந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை, இத்தனை வாரம் எளிய சிகிச்சை செய்து பலன் இல்லாவிட்டால் அடுத்தது என்று அது படிப்படியாகச் சொல்லும். சட்டப்படி அந்த வழிகாட்டி சரி என்றே தொடங்கும். அதற்கு மாறாகக் கேட்பவர்தான் மருத்துவ ஆதாரம் காட்ட வேண்டும்.

அதனால் பல மறுப்புகள் நோயால் வருவதில்லை, அறிக்கையில் விட்டுப்போன வரிகளால் வருகின்றன. வழக்கமாக விட்டுப்போவது இவை:

ஆர்எஃப்ஏ-வில் டாக்டரின் கையெழுத்து இல்லை, அல்லது அறிக்கை இணைக்கவில்லை. அப்படிப்பட்ட கோரிக்கையை முழுமையற்றது என்று 5 வேலை நாளுக்குள் திருப்பி அனுப்ப இன்சூரன்ஸுக்கு உரிமை உண்டு. அது யூஆர் கணக்கிலேயே சேராது.

'பிசியோதெரபி தொடரவும்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை வாரம், எந்தப் பாகத்துக்கு என்று இல்லை.

ஏற்கெனவே செய்த சிகிச்சையின் கணக்கு இல்லை. எதிர்ப்பக்க டாக்டர் 'எளிய சிகிச்சை முயன்றதற்கு ஆதாரம் இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

பலன் இருந்ததா என்பது அளவில் இல்லை. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். 'நோயாளி சற்றுத் தேறியிருக்கிறார்' என்ற வரிக்கு மதிப்பே கிடையாது. கலிஃபோர்னியா விதியில் செயல்திறன் முன்னேற்றம் என்றால், அன்றாட வேலைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அல்லது வேலைக் கட்டுப்பாடுகள் குறைவது. அதோடு மருத்துவத்தைச் சார்ந்திருப்பதும் குறைவது. நர்ஸிங் ஹோமில் நோயாளியைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மேலும் 6 முறை பிசியோதெரபி வேண்டும் என்றால் அறிக்கை இப்படி இருக்க வேண்டும்: 8 முறை முடிந்தது, தொடக்கத்தில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை, இப்போது 40 நிமிடம் நிற்கிறார், தூக்கும் வரம்பு 10 பவுண்டிலிருந்து 20 பவுண்டாகக் கூடியிருக்கிறது, வலி மாத்திரை ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது, 40 பவுண்டு தூக்கும் பழைய வேலைக்குத் திரும்புவது இலக்கு. இதே பெண்ணுக்கு, இதே வலிக்கு, 'முதுகுவலி தொடர்கிறது, தெரபி தேவை' என்று எழுதினால் மறுப்பு வரும். இரண்டு அறிக்கைக்கும் டாக்டர் செலவிடும் நேர வித்தியாசம் மூன்று நான்கு நிமிடம்.

(பிசியோதெரபிக்கு ஒரு காயத்துக்கு 24 முறை என்ற உச்சவரம்பு சட்டத்திலேயே இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய தெரபிக்கு அது பொருந்தாது. 25-ஆவது முறை மறுக்கப்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.)

முதுகுக்கு எம்ஆர்ஐ கேட்கும்போதும் இதே கதைதான். வலி மட்டும் போதாது. காலில் மரத்துப்போவது எந்த இடத்தில், கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறைந்திருக்கிறதா, ரிஃப்ளெக்ஸ் எப்படி, எத்தனை வாரம் எந்தச் சிகிச்சை பலன் தரவில்லை என்பதெல்லாம் பரிசோதனைக் குறிப்பில் இருக்க வேண்டும். திடீரென்று சிறுநீர் அல்லது மலக் கட்டுப்பாடு போனாலோ, கால் செயலிழந்தாலோ எந்த அனுமதிக்கும் காத்திருக்காதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். அவசர சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கவில்லை என்பதற்காகப் பணம் தர மறுக்க முடியாது.

இதில் உங்கள் பங்கு என்ன? ஒவ்வொரு அப்பாயின்ட்மென்டுக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். எவ்வளவு நேரம் உட்கார, நிற்க, நடக்க முடிகிறது. எதைத் தூக்க முடிகிறது. தூக்கம் எத்தனை மணி. என்ன மாத்திரை, எத்தனை. முன்பு எப்படி, இப்போது எப்படி. எல்லாம் எண்ணில். அதை அறிக்கையில் சேர்க்கும்படி கேளுங்கள். நம்மவர்களில் பலர் டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்றால் பழக்கத்தில் 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுவார்கள். அந்த 'பரவாயில்லை' அறிக்கையில் 'நோயாளி நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்' என்று ஏறும். ஆங்கிலத்தில் வலியை விளக்கச் சிரமம் என்றால், மருத்துவ அப்பாயின்ட்மென்டுக்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. செலவு முதலாளி தரப்பு. தமிழ் என்று குறிப்பிட்டு, அப்பாயின்ட்மென்டுக்குப் பல நாள் முன்பே எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதில் முக்கியமான சொற்கள் தவறும்.

வெளியே வரும்போது, டாக்டர் அலுவலகத்தில் ஆர்எஃப்ஏ-வைக் கவனிப்பவர் யார் என்று கேட்டு, படிவத்தின் நகலும் ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்த உறுதிச்சீட்டின் நகலும் வாங்குங்கள். அடுத்த கட்டத்தில் எல்லாக் கணக்கும் அந்தச் சீட்டின் தேதியிலிருந்துதான்.

நாட்காட்டி

முழுமையான ஆர்எஃப்ஏ கிடைத்த 5 வேலை நாளுக்குள் இன்சூரன்ஸ் முடிவு சொல்ல வேண்டும். கூடுதல் தகவல் தேவை என்று அந்த 5 நாளுக்குள் கேட்டிருந்தால், கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து 14 நாள் வரை நீட்டலாம். தாமதித்தால் உடல்நிலைக்குக் கடும் ஆபத்து என்று டாக்டர் காரணத்தோடு குறித்த அவசரக் கோரிக்கைக்கு 72 மணி நேரம்.

இந்தக் கெடு தாண்டினால் நிலைமை மாறும். 2014-இல் தூபோன் வழக்கின் இரண்டாவது தீர்ப்பில் வொர்க்கர்ஸ் காம்ப் மேல்முறையீட்டு வாரியம், காலம் தவறிய யூஆர் முடிவு செல்லாது என்றது. அப்போது சிகிச்சை தேவையா என்பதை நீதிபதியே தீர்மானிக்கலாம். அதற்கு எக்ஸ்பிடைட்டட் ஹியரிங் எனப்படும் விரைவு விசாரணை கேட்டு மனுப் போட வேண்டும். மனுப் போட்ட 30 நாளுக்குள் விசாரணை நடக்கும். ஆனால் அங்கேயும் ஜெயிக்க வேண்டுமென்றால் டாக்டரின் அறிக்கை பலமாக இருக்க வேண்டும். கெடு தவறியது என்பதால் மட்டும் சிகிச்சை கிடைத்துவிடாது.

காயம் பட்ட முதல் 30 நாளுக்குத் தனிச் சலுகை உண்டு. 2018 ஜனவரி 1-க்குப் பிறகு பட்ட காயம் என்றால், ஏற்றுக்கொள்ளப்பட்ட உடல் பாகத்துக்கு இன்சூரன்ஸின் மருத்துவ வலையமைப்பான எம்பிஎன்-இல் உள்ள டாக்டரோ, நீங்கள் முன்கூட்டியே நியமித்திருந்த டாக்டரோ அந்த 30 நாளில் செய்யும் பெரும்பாலான சிகிச்சைக்கு முன்கூட்டிய யூஆர் இல்லை. இந்தச் சலுகைக்குள் வராதவை: அவசரமற்ற அறுவைச் சிகிச்சை, எக்ஸ்ரே தவிர்த்த எம்ஆர்ஐ போன்ற படங்கள், மனநல சிகிச்சை, வீட்டுப் பராமரிப்பு, நரம்பு மின்பரிசோதனை, மொத்தம் 250 டாலருக்கு மேல் போகும் உபகரணங்கள், முன் அனுமதி தேவையில்லை என்று மாநிலத்தின் மருந்துப் பட்டியல் விலக்கு அளிக்காத மருந்துகள். அடிபட்டவுடன் பிசியோதெரபி தொடங்க இந்த 30 நாள்தான் தடையில்லாத காலம். அதை அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று கழியவிடாதீர்கள்.

மறுப்புக் கடிதத்தைப் படிக்கும் முறை

முதலில் கையெழுத்தைப் பாருங்கள். மருத்துவத் தேவை இல்லை என்ற காரணத்தால் மறுக்கவோ குறைக்கவோ உரிமம் பெற்ற டாக்டரால் மட்டுமே முடியும். அட்ஜஸ்டரும் நர்ஸும் அனுமதி தரலாம், மறுக்க முடியாது. அவர்கள் பெயரில் மறுப்பு வந்திருந்தால் உடனே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அடுத்து, அவர் என்னென்ன ஆவணங்களைப் பார்த்தார் என்ற பட்டியல். உங்கள் எம்ஆர்ஐ அறிக்கை, தெரபி குறிப்புகள், நிபுணரின் கடிதம் அதில் இருக்கின்றனவா? இல்லாவிட்டால் மறுப்புக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

பிறகு காரணம். 'கேட்ட தகவல் வரவில்லை' என்றால் அதுதான் சரிசெய்ய எளிதானது. தகவலை அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாம். 'வழிகாட்டியின் நிபந்தனை பூர்த்தியாகவில்லை' என்றால், எந்த நிபந்தனை என்று தேடிக் கோடிடுங்கள். கடிதத்தில் மறுத்த டாக்டரின் பெயர், துறை, தொலைபேசி எண், அவர் பேசக் கிடைக்கும் நேரம் இருக்க வேண்டும். உங்கள் டாக்டர் அந்த எண்ணில் நேரடியாகப் பேசினால் சில மறுப்புகள் அங்கேயே திரும்பும். பல டாக்டர்கள் இதைச் செய்ய நேரமில்லை என்பார்கள். நீங்கள் கடிதத்தைக் கோடிட்டுக் கொண்டுபோய்க் கேட்டால் செய்ய வாய்ப்பு அதிகம்.

மறுப்பு ஒருமுறை வந்தால் 12 மாதம் நிற்கும். அதே டாக்டர் அதே கோரிக்கையை அதே காகிதத்தோடு திரும்ப அனுப்பினால் இன்சூரன்ஸ் அதைப் பார்க்கவே தேவையில்லை. ஆனால் மறுப்புக்கு அடிப்படையான நிலைமையில் ஆவணப்படுத்திய மாற்றம் இருந்தால் புதிய ஆர்எஃப்ஏ-வை ஆராய்ந்தே ஆக வேண்டும். புதிதாகக் கால் பலவீனம், நரம்புப் பரிசோதனை முடிவு, முடிந்துபோன தெரபி எல்லாம் மாற்றம்தான். அந்த மாற்றம் என்ன என்பதை அறிக்கையின் முதல் பத்தியிலேயே டாக்டர் எழுத வேண்டும். நான்காம் பக்கத்தில் புதைந்து கிடந்தால் யாரும் தோண்டமாட்டார்கள்.

ஐஎம்ஆர் விண்ணப்பம்

யூஆர் மறுப்பை எதிர்க்க ஐஎம்ஆர் எனப்படும் சுதந்திர மருத்துவ மீளாய்வுதான் வழி. 2012-இல் வந்த எஸ்பி 863 சட்டம் இதைக் கொண்டுவந்தது. யூஆர் காலத்துக்குள் நடந்திருந்தால் நீதிபதியால்கூட மருத்துவத் தேவையைத் தீர்மானிக்க முடியாது. மாநிலத்துக்காக இதை நடத்துவது மாக்ஸிமஸ் நிறுவனம். கட்டணம் முழுக்க இன்சூரன்ஸ் தரப்புக்கு. உங்களுக்குச் செலவில்லை.

கெடு 30 நாள். மருந்துப் பட்டியல் தொடர்பான மறுப்புக்கு 10 நாள்தான். மறுப்புக் கடிதத்தோடு விண்ணப்பப் படிவம் நிரப்பியே வந்திருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது கையெழுத்து, மறுப்புக் கடிதத்தின் நகலை இணைப்பது, அனுப்புவது, ஒரு நகலை அட்ஜஸ்டருக்கும் அனுப்புவது. மறுப்புக் கடிதத்தை இணைக்க மறப்பது விண்ணப்பம் தள்ளுபடியாகும் வழக்கமான காரணம். நிரப்பி வந்த கிளெய்ம் எண், சிகிச்சை விவரம், காயத் தேதி எல்லாம் சரியா என்று பாருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குள்ளேயே மறுபரிசீலனை கேட்கும் வழியும் இருக்கும். கேளுங்கள், தவறில்லை. ஆனால் அது 30 நாள் கெடுவை நிறுத்தாது. 'உள் அப்பீல் முடியட்டும்' என்று காத்திருந்து ஐஎம்ஆர் உரிமையை இழப்பது அடிக்கடி நடக்கிறது. யூஆர் காலம் தவறியது என்று வாதாடப் போகிறீர்கள் என்றாலும் பாதுகாப்புக்காக ஐஎம்ஆர் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஒரு கடிதம் வரும். தபாலில் வந்தால் 15 நாளுக்குள் இரு தரப்பும் ஆவணங்களை அனுப்ப வேண்டும். பல தொழிலாளர்கள் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள், இன்சூரன்ஸ் அனுப்பும் என்று நினைத்துக்கொண்டு. இன்சூரன்ஸ் அனுப்பும், எதை அனுப்பும் என்பது கேள்வி. யூஆர் டாக்டர் பார்க்காத எம்ஆர்ஐ, தெரபி குறிப்புகள், டாக்டரின் பதில் கடிதம் எல்லாவற்றையும் நீங்களே அனுப்புங்கள். நானூறு பக்கம் அனுப்பாதீர்கள். மறுத்த காரணத்துக்குப் பதில் சொல்லும் பக்கங்கள் மேலே இருக்கட்டும். மிக முக்கியமானது, உங்கள் டாக்டர் எழுதும் ஒரு பக்கக் கடிதம்: வழிகாட்டி இந்த நிபந்தனையைக் கேட்கிறது, இந்தத் தேதிக் குறிப்பில் அது பூர்த்தியாகியிருக்கிறது என்று.

ஆவணங்கள் சேர்ந்த 30 நாளுக்குள் முடிவு வர வேண்டும், அவசர வழக்குக்கு 3 நாள். முடிவு செய்யும் டாக்டரின் பெயர் உங்களுக்குத் தெரியாது. சட்டம் அதை ரகசியமாக வைக்கிறது. ஜெயித்தால் 5 வேலை நாளுக்குள் இன்சூரன்ஸ் அனுமதி தர வேண்டும். கொடுத்த அனுமதியை, அதை நம்பிச் சிகிச்சை நடந்த பிறகு திரும்பப் பெற முடியாது. நியாயமில்லாமல் இழுத்தடித்தால் தாமதித்த தொகையில் 25 சதவீதம் வரை, 10,000 டாலருக்கு மிகாமல், அபராதம் கேட்கலாம்.

தோற்றால் 30 நாளுக்குள் வாரியத்தில் மனுப் போடலாம். ஆனால் காரணங்கள் மிகக் குறுகியவை: மோசடி, பாரபட்சம், நலன் முரண்பாடு, அதிகார மீறல், அல்லது மருத்துவ அறிவு தேவையில்லாமலே தெரியும் உண்மைப் பிழை. தெரபியே செய்யவில்லை என்று முடிவில் எழுதியிருக்க, 18 முறை தெரபி செய்த குறிப்பு அவர்களிடமே இருந்தால், அது அந்தக் கடைசி வகை. ஜெயித்தாலும் சிகிச்சை நேரடியாகக் கிடைக்காது. வேறு மீளாய்வாளரிடம் போகும்.

காத்திருக்கும்போது இழப்பது

காயத்தால் வேலைக்குப் போக முடியாத காலத்தில் கிடைக்கும் தற்காலிக ஊன உதவித்தொகை பெரும்பாலான காயங்களுக்கு 5 வருடத்துக்குள் மொத்தம் 104 வாரம்தான். அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்காமல் ஒரு வருடம் வீட்டில் கிடந்தால் அதில் 52 வாரம் போய்விடும். பிறகு அறுவைச் சிகிச்சை நடந்து, தேறி வரும் மாதங்களில் உதவித்தொகை தீர்ந்து நிற்பவர்கள் உண்டு. அறுவைச் சிகிச்சை மறுப்பு வந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அவர்களுக்கு முன்பணம் தேவையில்லை. இறுதித் தொகையிலிருந்து நீதிபதி அங்கீகரிக்கும் பங்கை எடுத்துக்கொள்வார்கள். வழக்கறிஞர் வேண்டாம் என்றால், மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டுத் துறை அலுவலகங்களில் இருக்கும் தகவல் உதவி அதிகாரியை இலவசமாகப் பார்க்கலாம். படிவம் நிரப்பவும் விரைவு விசாரணை மனுப் போடவும் வழிகாட்டுவார்கள்.

மறுப்புகளால் களைத்துப்போன நேரத்தில்தான் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், முடித்துக்கொள்வோம் என்ற பேச்சு வரும். காம்ப்ரமைஸ் அண்ட் ரிலீஸ் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அந்தக் காயத்துக்கான எதிர்காலச் சிகிச்சை வழக்கமாக உங்கள் பொறுப்பாகிவிடும். ஸ்டிபுலேஷன்ஸ் என்ற மற்றொரு வகையில் சிகிச்சை உரிமை திறந்தே இருக்கும். முதுகில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அதன் செலவு என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கி, தருவதாகச் சொல்லும் தொகையோடு ஒப்பிட்ட பிறகே பேனாவை எடுங்கள்.